கொச்சியில் ஒரே ஒரு பகல்: காரா, ஆட்டோவா, படகும் நடையுமா?

மூணாறு போய்விட்டுத் திரும்பும்போது, இல்லை ஆலப்புழை போகிற வழியில், கொச்சியில் ஒரு பகல் மிச்சமாகும். காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி ராத்திரி ரயில் பிடிக்க வேண்டும், நடுவில் எப்படிச் சுற்றுவது என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேட்கும்போதே பாதிப் பேர் தங்கியிருக்கிற ஹோட்டலில் சொன்ன கார் பேக்கேஜுக்கு மனதுக்குள் தலையாட்டிவிட்டிருப்பார்கள். கார் சிலருக்குச் சரியான முடிவுதான், எல்லோருக்கும் இல்லை. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், ரயிலில் நாலு மணி நேரம்தான். தனியாக, நண்பர்களோடு, முட்டிவலிக்கார அம்மாவோடு, சின்னப் பிள்ளைகளோடு என்று எல்லா விதமாகவும் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு தெரிய வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரயில் நிலையம், பெரிய கடைகள், மெட்ரோ எல்லாம் எர்ணாகுளத்தில், அதாவது கரைப் பக்கம். நாம் பார்க்க வந்த பழைய துறைமுக ஊர், ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும், காயலுக்கு அந்தப் பக்கம். சாலை வழியாகப் போனால் தோப்பும்படி சுற்றிக்கொண்டு 12 கிலோமீட்டருக்கு மேல், நெரிசலில் ஒரு மணி நேரம்கூட ஆகும். தண்ணீர் வழியாகப் போனால் இருபது, இருபத்தைந்து நிமிஷம். அந்தப் பக்கம் போய்விட்டால் முக்கியமான இடங்கள் எல்லாம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குள் அடக்கம். இது புரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

அப்படி அமைந்ததற்கும் காரணம் தண்ணீர்தான். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் பழைய முசிறித் துறைமுகம் தூர்ந்துபோய், கொச்சியில் கடல்வாய் திறந்தது என்று சொல்வார்கள். நம் சங்கப் பாட்டில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய மரக்கலங்கள் நின்ற அதே முசிறி. கொச்சியைப் பார்க்கப் போகிறவர் அதன் தொடர்ச்சியைத்தான் பார்க்கப் போகிறார். அதனால் இந்த ஊருக்குள் ஒருமுறையாவது தண்ணீர் வழியாக நுழைய வேண்டும் என்பது என் பிடிவாதம், கீழே எழுதுவதில் அந்தச் சாய்வு கட்டாயம் இருக்கும்.

எதை வைத்து முடிவு செய்வது

பணத்தை முதலில் வைக்கவில்லை. நேரம்தான் முதல். காலை 9 முதல் மாலை 6 வரை என்றால் ஒன்பது மணி நேரம், அதில் 12 முதல் 3 வரை கொச்சி வெயிலிலும் புழுக்கத்திலும் வெளியே நடக்க முடியாது. உருப்படியாக ஆறு மணி நேரம் இருக்கிறது, அதில் எவ்வளவு சாலையில் போகும், எவ்வளவு ஊரில் கழியும் என்று பாருங்கள்.

இரண்டாவது, கூட வருகிறவர்களின் உடம்பு. மூட்டுவலி உள்ளவர், கைக்குழந்தை, அடிக்கடி கழிப்பறை தேடுகிறவர், இவர்களில் ஒருவர் இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

மூன்றாவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள். இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் சுற்றிப் பார்க்கிற ஊரில் நாள் நன்றாகப் போனதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இதுதான்.

நாலாவது பணம். பேசிய தொகையோடு பேசாத தொகையும் சேர்த்து.

இந்த நாலையும் தாண்டி ஒன்று இருக்கிறது, கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் தொழுகைக் கூடம் சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளி மதியத்துக்கு மேலும் பார்க்க முடியாது, அவர்களுடைய பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், மசாலா மொத்தக் கடைத் தெருவும் தூங்கும். ஆக, திங்கள் முதல் வியாழன் வரை வந்தால் எல்லாம் கிடைக்கும். நான் முதல் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை, அரண்மனைக் கதவுக்கு வெளியே நின்று திரும்பி வந்தேன். டிக்கெட் போடும் முன்பே காலண்டரைப் பாருங்கள்.

வழி 1: எர்ணாகுளத்திலிருந்து நாள் முழுக்கக் கார்

இதன் நல்ல பக்கம் வெளிப்படை. ஏசி, பையை டிக்கியில் போட்டுவிடலாம், மழை வந்தால் கவலை இல்லை, பெரியவர்கள் இறங்கி ஏறினால் போதும். கூடவே திருப்பூணித்துறா ஹில் பேலஸ், சேராய் கடற்கரை என்று தள்ளி இருக்கும் இடங்களையும் சேர்த்துக்கொள்ள முடிவது காரில் மட்டும்தான். (ஹில் பேலஸுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதையும் கவனியுங்கள்.)

நேரத்தில்தான் அடி விழுகிறது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், சாயங்காலம் என்றால் இன்னும் கூட. ஆறு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் தோப்பும்படிப் பாலத்துக்கே போய்விடும். அந்தப் பக்கம் போனபிறகும் கார் பெரிய உதவி இல்லை, ஃபோர்ட் கொச்சித் தெருக்கள் டச்சுக்காரர் காலத்து அகலத்தில் இருக்கின்றன, யூதத் தெருவுக்குள் கார் போகாது. எங்கேயோ நிறுத்திவிட்டு எப்படியும் நடக்கத்தான் வேண்டும், அதுவும் டிரைவர் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வர வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. கிலோமீட்டர் கணக்கு தாண்டினால் கூடுதல், பார்க்கிங், டிரைவர் படி, இவை ஒரு வகை. முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கினால் தீர்ந்துவிடும். இன்னொன்று கடை. அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போன தடவை, டிரைவர் ஒரு பெரிய கைவினைப் பொருள் கடை வாசலில் நிறுத்தி, "சும்மா பார்த்தா போதும்மா, வாங்க வேணாம், அஞ்சு நிமிஷம்" என்றார். உள்ளே போனால் வெளியே வர முக்கால் மணி நேரம், சித்தி கையில் அவருக்குத் தேவையே இல்லாத ஒரு சால்வை. அதற்குப் பிறகு மசாலாக் கடை ஒன்று. அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுவதற்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அம்மா ராமாயணச் சுவரோவியத்தை ஓடிக்கொண்டே பார்த்தார், எனக்கு இன்னமும் அது ஆறவில்லை. டிரைவரைக் குறை சொல்லி என்ன ஆகும், கமிஷன் என்பது அந்தத் தொழிலில் வருமானத்தின் ஒரு பகுதி. நாம்தான் புறப்படும்போதே "கடை எதுவும் வேண்டாம், வேண்டுமென்றால் நாங்களே சொல்கிறோம்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

நடக்கவே முடியாத பெரியவர்கள் கூட வரும்போது, கொட்டும் ஜூன், ஜூலை மழையில், பெட்டிகளோடு நேராக விமான நிலையம் போக வேண்டியிருக்கும்போது கார்தான். மற்றவர்கள் யோசிக்கலாம்.

வழி 2: படகில் போய் அங்கே ஆட்டோ பேசுவது

ஃபோர்ட் கொச்சியில் படகை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் வந்துவிடுவார்கள், பலருக்குத் தமிழ் நன்றாகவே வரும். கையில் ஒரு அட்டை வைத்திருப்பார்கள், பத்துப் பதினைந்து இடங்களின் பட்டியல்: சீன வலை, பிரான்சிஸ் தேவாலயம், சாந்தா குரூஸ் பாசிலிக்கா, டச்சுக் கல்லறை, டோபி கானா, சமணர் கோயில், அரண்மனை, யூதத் தெரு, சுக்குக் கிடங்கு. மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள். நான் கடைசியாகப் போனபோது மூன்று மணி நேரத்துக்கு 600 ரூபாய் கொடுத்தேன், பேரம் பேசினால் குறையும்.

சிலர் மிகக் குறைந்த தொகை சொல்வார்கள், நூறு ரூபாய்க்கு ஊர் முழுக்க என்கிற மாதிரி. அதை மட்டும் ஏற்காதீர்கள். மிச்சத்தை எங்கேயோ கடையில் எடுக்கப் போகிறார் என்றுதான் அர்த்தம். நியாயமான தொகையை நீங்களே சொல்லி, கடை வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டால், ஆட்டோ மாதிரி நல்ல வழி கிடையாது. ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எது திறந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆட்டோவினால்தான் எனக்கு டோபி கானா கிடைத்தது. டோபி கானா என்றால் சலவைக் கூடம், 'வெளி' என்று பெயருள்ள மைதானத்தின் பக்கம் இருக்கிறது, நடந்து போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் சீருடைகளைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை அழைத்து வந்தார்கள், அவர்களின் வழிவந்தவர்கள் இன்றைக்கும் அங்கே துவைக்கிறார்கள். இப்போது இருக்கிற கூடம் 1976இல் கட்டியது. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு துவைகல், ஒரு தொட்டி. பின்னால் திறந்தவெளியில் கொடி கட்டியிருப்பார்கள், இரண்டு கயிற்றை முறுக்கி அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள், கிளிப் எதுவும் இல்லை, காற்றில் ஒன்றுகூட விழாது. ஒரு பெரியவர் இஸ்திரிப் பெட்டியால் துணியைத் தேய்த்துக்கொண்டே "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். கோயம்புத்தூர் என்றதும் சிரித்தார். அவர் பேசிய தமிழ் என் தமிழ் இல்லை, நடுநடுவே மலையாளம் வந்தது, ஆனால் தமிழ்தான். வாஸ்கோ ட காமாவின் கல்லறையைவிட அந்த அரை மணி நேரம்தான் எனக்கு இந்தத் துறைமுகத்தைப் புரியவைத்தது: கப்பலில் வந்தவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் துணியைத் துவைக்க வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். அங்கே படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அது அவர்கள் வேலை செய்கிற இடம்.

ஆட்டோவின் குறை அவசரம். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம் ஆனதும் அவர் வெளியே காத்திருக்கிறாரே என்ற நினைப்பு வந்துவிடும். அதனால் நான் இப்போதெல்லாம் இடக் கணக்கில் பேசுவதில்லை, மணிக் கணக்கில் பேசுகிறேன். நேரத்துக்குக் காசு என்றால் அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

வழி 3: படகும் நடையும்

இரண்டு வகைப் படகு இருக்கிறது. ஒன்று நீர்ப்போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகு, எர்ணாகுளம் படகு ஜெட்டியிலிருந்து கிளம்பும், கட்டணம் பத்து ரூபாய்கூட ஆகாது, வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் வருவார்கள். இன்னொன்று வாட்டர் மெட்ரோ, 2023 ஏப்ரலில் ஆரம்பித்தது, பேட்டரியில் ஓடும் ஏசி படகு, கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியது. ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 2024இல் விட்டார்கள், அப்போது 40 ரூபாய். சக்கர நாற்காலியை உள்ளே ஏற்ற முடியும் என்பது பெரிய விஷயம். ஆனால் சனி, ஞாயிறுகளில் வரிசை நீளம், முக்கியமாகச் சாயங்காலம் திரும்பும்போது. அப்படி மாட்டிக்கொண்டால் ஒரு மாற்று வழி உண்டு: ஃபோர்ட் கொச்சியிலிருந்து வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றும் ரோ-ரோ படகில் சில ரூபாய்க்கு எதிர்க்கரை வைப்பின் போய், அங்கிருந்து வாட்டர் மெட்ரோவிலோ பஸ்ஸிலோ ஹைகோர்ட் வந்துவிடலாம்.

எனக்குச் சாதாரணப் படகுதான் பிடிக்கும். கம்பி ஓரமாக உட்கார்ந்தால் காயல் காற்று முகத்தில் அடிக்கும், கொஞ்ச நேரத்தில் வில்லிங்டன் தீவு கண்ணில் படும். அது இயற்கைத் தீவு இல்லை. கொச்சிக் கடல்வாயில் பெரிய கப்பல் நுழைய முடியாதபடி ஒரு மணல்திட்டு கிடந்தது, 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அதை வெட்டி ஆழப்படுத்தினார், அள்ளிய மண்ணைக் கொட்டித்தான் தீவின் பெரும்பகுதியை உண்டாக்கினார்கள். 1928இல் பெரிய கப்பல் உள்ளே வந்தது. படகில் போனால் அந்தத் தீவையும், சரக்குக் கப்பல்களையும், வல்லார்பாடத்தின் ராட்சதக் கிரேன்களையும், அவற்றுக்கு நடுவே சின்ன மீன்பிடி வள்ளத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். காரில் போகிறவருக்கு இது எதுவும் தெரியாது.

இறங்கியதும் நேராகச் சீன வலைக்குப் போங்கள், எட்டரைக்குள் போய்விட்டால் நல்லது. வலை என்றாலும் அது ஒரு பெரிய துலாக்கட்டை. ஒரு பக்கம் வலை, மறுபக்கம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு, இழுத்து ஏற்றுவார்கள். நம்மையும் கயிற்றைப் பிடிக்கச் சொல்வார்கள், பிடித்தால் பிறகு காசு கேட்பார்கள், ஐம்பதோ நூறோ கொடுத்துவிடுங்கள். வலையில் விழும் மீனின் அளவைப் பார்த்தால் கொடுக்கத்தான் தோன்றும்.

பக்கத்துக் கடைகளில் மீன் வாங்கினால் சமைத்துத் தருவார்கள், இங்கே கவனம் தேவை. விலை கிலோவுக்கு, சமையல் கூலி தனி, எடை போடும்போது நின்று பார்க்க வேண்டும், மொத்தம் எவ்வளவு என்று முன்னாலேயே கேட்க வேண்டும். நண்பர்களோடு போன தடவை இதைக் கேட்காமல் உட்கார்ந்து, நாலு பேர் சாப்பிட்ட மீனுக்கு அன்றைய மற்ற எல்லாச் செலவையும்விட அதிகமாகக் கொடுத்தோம்.

அங்கிருந்து பிரான்சிஸ் தேவாலயம் கூப்பிடு தூரம். 1503இல் போர்த்துகீசியர் மரத்தில் கட்டி, பிறகு கல்லில் எழுப்பியது. 1663இல் டச்சுக்காரர் கைக்கும் 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் போய், இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. வாஸ்கோ ட காமா 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில் இறந்தார், இங்கேதான் புதைத்தார்கள், பிறகு எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல் மட்டும் இருக்கிறது. கல்லைப் பார்த்து முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள், மேலே நிமிர்ந்து பாருங்கள், கயிறு கட்டி வெளியிலிருந்து ஆள் இழுத்து வீசும் துணி விசிறிகள் வரிசையாகத் தொங்கும். அப்புறம் பரேடு மைதானத்து மழை மரங்கள், பிரின்சஸ் தெரு, பாசிலிக்கா. இது எல்லாம் ஒரு மணி நேர நடைதான், நிழலும் உண்டு.

அடுத்து பத்து மணி வாக்கில் மட்டாஞ்சேரி பக்கம் நகர வேண்டும். இங்கே பெரும்பாலோர் ஆட்டோவில் ஏறிவிடுவார்கள். முடிந்தால் ஏறாதீர்கள். கல்வத்தியிலிருந்து பஜார் ரோடு வழியாக நடந்து வாருங்கள், இரண்டரைக் கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் பழைய கிடங்குகள். மலையாளத்தில் பாண்டிகசாலை என்பார்கள், நம் பண்டகசாலைதான். முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். ஒரு காலத்தில் வள்ளத்தில் வந்த மிளகு பின்வாசலில் இறங்கி முன்வாசலில் விலையானது. இப்போது லாரியில் அரிசியும் வெங்காயமும் பருப்பும் இறங்குகின்றன, சுமைதூக்கிகள் தோளில் சாக்கோடு "மாறு, மாறு" என்று சொல்லிக்கொண்டே போவார்கள், நாம்தான் ஒதுங்கி நடக்க வேண்டும். ஒரு கிடங்கில் காய்ந்த மிளகாய் நெடி தும்மலை வரவைக்கும், அடுத்ததில் சுக்கு, அதற்கு அடுத்ததில் ஜாதிக்காய். குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் என்று இந்த ஒரு தெருவை நம்பி வந்து தங்கிய கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. இதுதான் துறைமுகம், மற்றது எல்லாம் அதன் நினைவுச் சின்னம்.

உச்சி வெயில் வரும்போது அரண்மனைக்குள் இருப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். டச்சு அரண்மனை என்று பெயர், கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது போர்த்துகீசியர், டச்சுக்காரர்கள் பிறகு செப்பனிட்டார்கள். பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம், காவிச் சிவப்பும் பச்சையுமாக. குறைந்தது ஒரு மணி நேரம் கொடுங்கள். சாப்பாட்டுக்கு மட்டாஞ்சேரியில் காயிக்கா கடை ஆட்டுக்கறி பிரியாணி பெயர் போனது, தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும். சைவம் என்றால் குஜராத்தி தெருப் பக்கம் போங்கள்.

தொழுகைக் கூடம் மதியம் 1 மணிக்கு மூடி 3 மணிக்குத் திறக்கும். 1568இல் கட்டியது, ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். கீழே பதித்திருக்கும் நீல வெள்ளை ஓடுகள் சீனத்தில் கையால் வரைந்தவை, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. முட்டி தெரியும் உடை ஆகாது, செருப்பைக் கழற்ற வேண்டும், பையை உள்ளே விட மாட்டார்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு உடம்பில்தான். மொத்தம் ஆறேழு கிலோமீட்டர் நடை, ஏப்ரல், மே மாதத்துப் புழுக்கத்தில் அது பத்து மாதிரி இருக்கும். தண்ணீர் பாட்டில், இளநீர், நடுவில் ஒரு டீக்கடை என்று போனால்தான் தாங்கும். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், ஃபோர்ட் கொச்சிக்குள் அருமையாக இருக்கும், பஜார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளை ஓட்ட விடாதீர்கள். பையும் ஒரு பிரச்சினை: எர்ணாகுளம் ஜங்ஷன் பொருள் காப்பறையில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும், பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள்.

வழி 4: முந்தின இரவே ஃபோர்ட் கொச்சியில் தங்கிவிடுவது

ஒரு பகல் என்பது ஒரு ராத்திரியும் ஒரு பகலுமாக நீள முடிந்தால் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. மாலையில் வந்துவிட்டால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம், கதகளி மையத்தில் 5 மணிக்கு முகத்தில் அரிதாரம் பூசுவதிலிருந்து உட்காரலாம் (ஆட்டம் 6 மணிக்கு), காலையில் கூட்டம் வரும் முன்பே வலைப் பக்கம் மீன் ஏலத்தை நின்று கேட்கலாம். பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், பல இடங்களில் வீட்டுக்காரர்களே சமைத்துப் போடுவார்கள்.

செலவு அறை வாடகை, அது பருவத்துக்குப் பருவம் மிகவும் மாறும். டிசம்பர் கடைசியில் கார்னிவல், வருஷப் பிறப்பு நள்ளிரவில் போகிற வருஷத்தைக் குறிக்கும் பாப்பாஞ்ஞி என்ற கிழவர் உருவத்தை எரிப்பார்கள், அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும். பினாலே என்கிற கலைக் கண்காட்சி நடக்கிற வருஷம் என்றால் மார்ச் வரை கூட்டம். அந்த நாட்களில் ஒரு பகலுக்காக அறை எடுப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கார் | படகு + ஆட்டோ | படகு + நடை | இரவு தங்கல் |
|---|---|---|---|---|
| போக வர ஆகும் நேரம் | இரண்டு மணி நேரம், கூடவும் ஆகலாம் | ஒரு மணி நேரத்துக்குள் | ஒரு மணி நேரத்துக்குள் | அன்றைக்குக் காலையில் போகிற நேரம் மிச்சம் |
| உடம்புக்கு | சுலபம் | சுலபம் | சிரமம், வெயிலில் மிகவும் | நம் இஷ்டப்படி |
| யார் முடிவு செய்வது | பெரும்பாலும் டிரைவர் | பேசிக்கொண்டதைப் பொறுத்து | நாம்தான் | நாம்தான் |
| கண்ணுக்குத் தெரியும் செலவு | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | அறை வாடகை |
| தெரியாத செலவு | கூடுதல் கிலோமீட்டர், கடை | கடை | களைப்பு, மீன் கடை பில் | சீசன் விலை |
| மழையில் | நல்லது | பரவாயில்லை | வேண்டாம் | பரவாயில்லை |

மரைன் டிரைவிலிருந்து கிளம்பும் உல்லாசப் படகுகளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. காயலில் ஒரு சுற்று போய்வர நன்றாக இருக்கும், ஊரைப் பார்க்க அது வழியில்லை.

யாருக்கு எது

தனியாகவோ நண்பர்களோடோ, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வழி 3. களைத்துப்போனால் நடுவில் ஆட்டோ பிடிக்க யாரும் தடுக்கப்போவதில்லை.

அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாக வந்தால் நான் செய்வது கலவை. காலையில் வாட்டர் மெட்ரோவில் போய், வலையும் தேவாலயமும் நடந்து பார்ப்போம். பத்து மணிக்கு மணிக்கணக்கில் ஒரு ஆட்டோ பேசி டோபி கானா, அரண்மனை, சாப்பாடு, யூதத் தெரு. அங்கே ஆட்டோவை அனுப்பிவிட்டு, மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து திரும்பிவிடுவோம். 2025 அக்டோபரில் அங்கேயும் வாட்டர் மெட்ரோ வந்துவிட்டதால் ஃபோர்ட் கொச்சிக்குத் திரும்பிப் போக வேண்டிய அவசியமில்லை. போன தடவை அம்மாவை இப்படித்தான் கூட்டிப்போனேன். ராமாயணச் சுவருக்கு எதிரே வேண்டிய மட்டும் நின்றார், கிளம்பலாமா என்று நான் கேட்கவே இல்லை.

நடக்க முடியாதவர் என்றாலும் சக்கர நாற்காலியோடு வாட்டர் மெட்ரோ, பிறகு ஆட்டோ என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அதுவும் முடியாது என்றால் கார். கார் என்றால் எட்டு மணிக்கு முன் கிளம்பி, நாலு மணிக்கு முன் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமைதான் வர முடியும் என்கிறவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பத்து மணிக்குத் தொழுகைக் கூடம் திறந்ததும் முதல் ஆளாக அதைப் பார்த்துவிட்டு, பஜார் ரோட்டை எதிர்த்திசையில் நடந்து, மதியத்துக்கு மேல் தேவாலயம், சாயங்காலம் வலை என்று முடிக்கலாம், அரண்மனை அடுத்த தடவைக்கு. சனிக்கிழமை என்றால் அரண்மனை உண்டு, தொழுகைக் கூடம் இல்லை, மற்றபடி எதுவும் மாறாது.

ராத்திரி ரயில் இருக்கிறவர்கள் எந்த வழியில் போனாலும், காலையில் படகை விட்டு இறங்கும்போதே கவுண்டரில் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின படகைப் பிடிப்பது மாதிரி நடந்து வாருங்கள்.